ஏழாம் மாதத்தில் வெட்டிய ஜாக்கெட்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெறப் போகிறவள் என்ன உடுத்துவாள் என்று ஒருவரும் யோசித்ததில்லை. வீட்டில் இருப்பதிலேயே கிழிந்த சேலை எதுவோ, அதுதான் பிரசவச் சேலை. பிள்ளை பிறந்ததும் அதைச் சுருட்டி வண்ணாத்தியிடம் கொடுத்துவிடுவார்கள். அது அவள் உரிமை. கொடுக்கப் போகிற சேலைதானே, கந்தை போதாதா என்பார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிற நாளில் ஒருத்தி மானத்தையும் கையில் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கும் கோபம் வரும், அது வேறு விஷயம்.

நான் தையல்காரி. ஆலங்குடி மாதர் சங்கத்தில் மிஷின் தையல் கற்றுக்கொண்டவள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, எனக்கென்று பிரசவ உடுப்பு நானே தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இது ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. புதுக்கோட்டை பெண்கள் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரத்துக்கு மேல் கிடந்த கதையும் இதுதான். யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் உடுப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாகரிகம் என்றால் முதுகுப் பக்கம் ஊக்கு வைத்த ஜாக்கெட். பிள்ளைக்காரி அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்வாள்? அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதுகை அவிழ்த்துவிட ஆள் தேடுவாள். முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ரவிக்கையோ, அவிழ்த்தால் மொத்தமும் அவிழும். நான் காகிதத்தில் வெட்டி வெட்டிப் பார்த்து ஒரு வழி கண்டேன். நடுவில் பட்டன் பட்டி. அதற்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு மூடி, ஜன்னல் கதவு மாதிரி. எந்தப் பக்கம் பால் கொடுக்கிறாளோ அந்தப் பக்கம் மட்டும் திறக்கும். மூடினால் திறப்பு இருப்பதே தெரியாது. பால் கட்டுகிற நாளில் இறுக்காமலிருக்க அக்குளில் ஒரு சதுரத் துண்டு. கைக்குச் சின்னதாகப் பஃப். பஃப் எதற்கென்று கேட்டால், அழகுக்குத்தான். பிள்ளை பெற்றவள் அழகாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வலி வரும்போது உடுத்த, நாடா இல்லாத பாவாடை ஒன்று. இடுப்பை அறுக்கிற முடிச்சுக்குப் பதில் பக்கவாட்டில் பட்டன். ஜாக்கெட்டுக்குக் கிளிப்பச்சையில் 'வாயில்' என்கிற மெல்லிய துணி, அதில் வெள்ளைப் பொடிப்பூ.

துணியைப் பெட்டியில் வைத்துவிட்டு நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்தில் சூரிய கிரகணம் வந்தது. விடிந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், பானைகளில் எல்லாம் தர்ப்பைப் புல்லைப் போட்டுவிட்டு என்னை உள்ளறையில் தள்ளினாள்.

"சிவகாமி, அசையாமப் படுத்துக்க. வெளிச்சம் மேல படக்கூடாது. நகத்தக் கூடக் கிள்ளாத. ஊசி, கத்தி, கத்தரி எதையும் தொட்டுராத. தொட்டா பிள்ளைக்கு மூளியாப் போயிரும், ஆமா."

வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அந்த அறையில்தான் என் மிஷினும் பெட்டியும் இருந்தன. சும்மா எவ்வளவு நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது? ஓட்டு இடுக்குகள் வழியாக விழுந்த வெயில் பொட்டுகள் அன்றைக்கு வட்டமாக இல்லை. தரை முழுக்கப் பிறை பிறையாக விழுந்திருந்தன. அவ்வளவு அழகு. என்னதான் ஆகிவிடும், பார்ப்போமே என்று துணியை அந்தப் பிறைகளின் மேல் விரித்தேன், கத்தரியை எடுத்தேன். கிரகணம் விட்டுக் கதவைத் திறந்த அத்தை, தரையில் இரண்டு பச்சைத் துண்டுகளைப் பார்த்தாள்.

"அடிப் பாவி!" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

எனக்குக் கால் வீங்கியிருந்ததால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். வலி எடுத்ததும் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். பிரசவ வார்டில் நர்ஸம்மா என் பாவாடையையும் ஜாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு தைச்சது?"

"நாந்தாங்க."

"அடேயப்பா! இங்க வர்ற பொம்பளைங்க எல்லாம் இப்படி வந்தா எங்களுக்கு எம்புட்டு லேசு! எந் தங்கச்சிக்கு ஒண்ணு தைச்சுத் தாயேன்." பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்த திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டு ஆச்சி கூடத் தலையைத் தூக்கி, "பஃப் கை வச்சிருக்கா பாரு, கலியாணத்துக்கு வந்தவ மாதிரி" என்று சிரித்தார். வலிக்கு நடுவிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

பிள்ளை பிறந்தது. பெண். அழுதது, ஆனால் அந்த அழுகை மூக்கால் வந்தது. நர்ஸம்மா துணியை எடுத்து முகத்தோடு சேர்த்துச் சுற்றினார். குளிப்பாட்டின பிள்ளையை முதலில் பார்த்தது அத்தைதான். துணியை விலக்கினவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"கத்தரி போட்ட மாதிரியே இருக்கே, தாயி. கத்தரி போட்ட மாதிரியே இருக்கே!"

மேலுதடு மூக்கு வரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது. அது கூடப் பெரிதில்லை. வாய்க்குள் மேலண்ணமும் சேரவில்லை என்றார் டாக்டரம்மா. அண்ணம் மூடியிருந்தால்தான் பிள்ளை வாயைக் குவித்துப் பாலை இழுக்க முடியும். இவளால் இழுக்க முடியாது. ஊட்டினாலும் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். நிமிர்த்தி உட்காரவைத்துச் சங்கால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் புரையேறிப் பால் நெஞ்சுக்குள் போய்விடும்.

"சரி பண்ண முடியாதாங்க?" என்று கேட்டேன்.

"முடியும். மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில தையல் போட்டு உதட்டைச் சேர்ப்பாங்க. ஆனா பிள்ளை தாங்கணுமே. பத்துப் பவுண்டு எடை வரட்டும், நானே லெட்டர் தர்றேன்."

தையல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு நுணுக்கமான நூல் போடுவார்கள், சுருக்கம் விழாமல் சேர்ப்பார்களா என்று என் மனசு அளவெடுக்கத் தொடங்கிவிட்டது. அப்போது பிள்ளையின் எடை ஐந்து பவுண்டு. இன்னும் ஐந்து. அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பால் எனக்கு வெள்ளமாக வந்தது. குடிக்க ஆளில்லை. பிழிந்து பிழிந்து சங்கில் ஊற்றினோம். அதற்கு மேலும் கட்டிக்கொண்டு, பத்தாம் நாள் இடது பக்கம் கல்லாகிவிட்டது. குளிர் தூக்கிப் போட்டது. பால் தேங்கி, உள்ளே சீழ் பிடித்துப் பழுத்திருக்கிறது என்றார்கள். பென்சிலின் ஊசி போட்டும் அடங்கவில்லை. கீறிவிட்டார்கள். காயம் மேலே மூடி உள்ளே பழுக்காமலிருக்கத் தினமும் திரித்துணியை உள்ளே செருகிக் கட்டுவார்கள். பழைய திரியை உருவும்போது உயிரையே உருவுகிற மாதிரி இருக்கும். கட்டுக் கட்ட வரும் நர்ஸம்மா என் ஜாக்கெட்டின் இடது மூடியை மட்டும் திறந்து வேலையை முடித்துவிட்டு மூடுவார். "ரொம்ப வசதிம்மா இது" என்பார் ஒவ்வொரு நாளும். பிள்ளைக்கென்று நான் வைத்த கதவு திரிக்குத்தான் திறந்தது.

வார்டில் விஷயம் பரவிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பார்வை நேரத்தில் மற்றக் கட்டிலுக்கு வந்தவர்கள் எல்லாம், "கத்தரி போட்ட பிள்ளை இதுதானா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். அத்தை அவர்களைத் திட்டி விரட்டுவாள்; விரட்டிவிட்டு என் பக்கம் திரும்புவாள். "தலதலயா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடி? பஃப் கை வேணுமோ ஒனக்கு, பஃப் கை!" ஊரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பிள்ளையை ஒருமுறை பார்த்தார். கடலை மில்லில் மூட்டை தூக்குகிற மனுஷர், கோழை இல்லை. மறுபஸ்ஸில் ஊருக்குப் போய் என் கத்தரிக்கோலை எடுத்துக் கிணற்றில் வீசிவிட்டார். இதை அத்தைதான் சொன்னாள். நல்ல கத்தரி அது.

இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைக்குப் பால் ஊட்டினது அத்தைதான். இடது கை தூக்க முடியாத எனக்கு அது இயலாது. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "எங்கண்ணு, எந்தங்கம், மெல்ல, மெல்ல" என்று சங்கு சங்காக ஊட்டுவாள். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். மூக்கில் வழிவதைத் தன் முந்தானையால் ஒற்றுவாள். மூன்றாம் வாரம் தராசில் ஐந்தே முக்கால் காட்டியது. அன்றைக்கு அத்தை என்னைத் திட்டவில்லை.

ஒரு காலை, கட்டுப் பிரிக்கும்போது டாக்டரம்மாவும் நின்றிருந்தார். அத்தை வழக்கம்போல் கத்தரிக் கதையைத் தொடங்கினாள். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார்.

"எந்த மாசத்துல வெட்டினே?"

"ஏழாம் மாசங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார். "பிள்ளையோட முகம் ரெண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவுல ஒட்டும்மா. உங்க மருமக முன்பக்கம் ரெண்டு துண்டைச் சேர்த்துத் தைக்கிறா இல்லே, அது மாதிரி. மூணாம் மாசம் முடியறதுக்குள்ளே அது ஒட்டி முடிஞ்சுடும். ஒட்டாத பிள்ளைக்கு அப்பவே ஒட்டலே. ஏழாம் மாசத்துல அவ கத்தரி எடுத்தா என்ன, அரிவாள் எடுத்தா என்ன?"

"அப்ப ஏங்க இப்படி?"

"அது யாருக்கும் தெரியாது. சில பிள்ளைங்க அப்படிப் பிறக்குது."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அத்தை என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ தாயி, ஒன்னைய என்னென்ன பேசிட்டேன்! ஒம்மேல ஒரு தப்பும் இல்லியாமே! நாக்குல புத்துதான் வரும் எனக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தோஷத்தில் என்று அவள் நினைத்தாள். மூன்றாம் மாதம் என்று டாக்டரம்மா சொன்ன சொல்தான் என் காதில் நின்றது. மூன்றாம் மாதத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை சொன்னபின் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என்ன ஆகப் போகிறது? அப்போது தையல் டீச்சர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். சங்கத்தில் என் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். முழுகாமல் இருக்கிறவளைச் சேர்க்க மாட்டார்கள். நாள் தள்ளிப்போனதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கீரமங்கலம் சந்தையில் வேர் விற்கிற ஒருத்தியிடம் போய், அவள் உருட்டித் தந்ததை மூன்று காலை விழுங்கினேன். வயிறு வலித்தது, கொஞ்சம் உதிரம் பட்டது, அவ்வளவுதான். பிள்ளை போகவில்லை. பயிற்சிக்கும் நான் போகவில்லை. ஐந்தாம் மாதத்தில் அது வயிற்றில் அசைந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி அதன் மேல் ஆசை வந்தது. அந்த ஜாக்கெட்டை அத்தனை அழகாகத் தைத்தது அதனால்தான். வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு வாசல் வைத்துத் தைத்தேன்.

அந்த உருண்டைதான் காரணமா என்று டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போய் நின்றேன். இல்லை என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எந்தக் கிணற்றில் போய் விழுவது? திரும்பி வந்துவிட்டேன்.

அத்தை அன்றைக்கெல்லாம் என் தலையைக் கோதிக் கோதிக் கண்ணீர் விட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. "இல்லத்தே, நான் கத்தரி போட்டதுதான் காரணம். நீங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

"அட போடி! படிச்ச டாக்டரம்மா சொல்லுறாக, ஏழாம் மாசத்துல கத்தரி என்ன செய்யும்?"

"பெரியவுக சொன்னது பொய்யாகுமா அத்தே?"

"பெரியவுக என்னத்தக் கண்டாக? நீ வாய மூடிக்கிட்டுப் பால் கஞ்சியக் குடி."

நாலு எழுத்துப் படித்த நான் கிரகணத்துக்காக வாதாடுகிறேன், கிரகணத்தை நம்பி வாழ்ந்தவள் டாக்டரம்மாவுக்காக வாதாடுகிறாள். அடுத்த கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்தவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் என் வீட்டுக்காரர் வந்தார். வராந்தாவுக்கு மேல் ஆம்பிளைகளை விடமாட்டார்கள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினார். என் கத்தரி. கிணற்றில் தானே இறங்கி முங்கி எடுத்து, துரு தேய்த்து, தேங்காயெண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஆத்தா எல்லாம் சொல்லி அனுப்புச்சு" என்றார். "தெரியாமச் செஞ்சுட்டேன். மனசுல வச்சுக்காத."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிள்ளை ஆறரைக்கு வந்தது. பிறகு ஆறே முக்கால். ஐந்தாம் வாரக் கடைசியில் ஏழு பவுண்டைத் தொட்டது. அத்தை தராசைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னும் மூணுதான், மெட்ராசுக்குப் போயிரலாம்" என்று பிள்ளையிடமே சொன்னாள். என் காயமும் வற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம், அத்தை ஊட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளை தும்மியது. சங்கு ஒரு மயிரிழை அதிகமாகச் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. புரையேறி முகம் நீலமாகிவிட்டது. நர்ஸம்மா ஓடிவந்து குப்புறப் பிடித்துத் தட்டி மூச்சைத் திருப்பினார். ஆனால் பால் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. விலா உள்வாங்க உள்வாங்க மூச்சு விட்டாள். மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அந்த மூச்சும் நின்றது. ஏழு பவுண்டு. வாயைத் தவிர உடம்பில் ஒரு குறையில்லாத பிள்ளை.

"யார் தப்பும் இல்லம்மா. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இது வர்றதுதான்" என்றார் டாக்டரம்மா. அத்தை காதில் அது ஏறவில்லை. சங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "நாஞ் சாய்ச்சுட்டேன், நாஞ் சாய்ச்சுட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையைச் சுற்ற என் வீட்டுக்காரர் பழைய வேட்டி கிழித்துக் கொண்டுவந்தார். கந்தை வேண்டாம் என்றேன். பெட்டியிலிருந்த மாற்று ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, பச்சை ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதில்தான் சுற்றினார்கள். முந்திரித் தோப்போரம் புதைத்தார்கள். வண்ணாத்திக்கு அந்த உடுப்பு போய்ச் சேரவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அதே தையல் டீச்சர் பயிற்சிக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். எனக்கே இடம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் வந்திருக்கும் வேலை. இன்றைக்கு ஆலங்குடி சுற்று வட்டாரத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் போடுவது என் ஜாக்கெட்தான். பால்குடி ஜாக்கெட் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பஃப் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கிரகணம் என்றால் மட்டும் நான் சங்கத்துக் கத்தரிகளை எல்லாம் முதல் நாளே பெட்டியில் பூட்டிவிடுவேன். "படிச்ச டீச்சருக்கே பயத்தப் பாரு" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

அத்தை போன ஆடியில் போய்ச் சேர்ந்தாள். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. கடைசி வாரத்தில் நான்தான் அவளுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் என் கையைத் தள்ளிவிட்டு என்னையே பார்த்தாள்.

"நெசத்தச் சொல்லு தாயி. அன்னைக்கு நாஞ் சங்கக் கூடுதலாச் சாய்ச்சுட்டேனா? எங்கையாலதான் போச்சா?"

"இல்லத்தே. ஒங்க கையால இல்ல."

"பெறகு?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது.

"நான் கத்தரி போட்டதுதான் அத்தே."

அத்தை அந்த நிலையிலும் சிரித்தாள். என் கன்னத்தைத் தட்டினாள். "கூறுகெட்டவளே, டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாகள்ல, மறந்துட்டியா? மூணாம் மாசத்துலயே எல்லாம் முடிஞ்சு போயிருமாம்."

மறக்கவில்லை அத்தே என்று சொல்லிவிட்டு, மிச்சக் கஞ்சியை ஊட்டினேன்.